எண்ணூர்க் கழியில் படகு உலாவும் விருந்தும்

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழியிலும், அதைத் தொட்டுச் செல்லும் பக்கிங்காம் கால்வாயிலும் படகில் உலாப் போய், அங்கேயே பிடித்த மீனையும் இறாலையும் ஆளிச் சிப்பியையும் உண்டு திரும்பும் வழக்கம். ஆங்கிலேயர் காலத்துச் சென்னையில் தோன்றி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மங்கி, கழியைச் சுற்றி ஆலைகள் எழுந்தபின் மறைந்தது. நகர ஆறுகளில் மாலையில் விளக்கேற்றி நகரும் இன்றைய உணவுக் கப்பல்களுக்கு, தமிழ்நாட்டில் இதையே மூத்த முன்னோடியாகச் சொல்லலாம். ஒரு வேறுபாடு உண்டு. இன்றைய கப்பலில் சாப்பாடு கரையிலிருந்து ஏறுகிறது. எண்ணூரில் அது படகுக்கு அடியிலிருந்தே வந்தது. ஆகவே இந்த வழக்கத்தின் வரலாறும் அந்தத் தண்ணீரின் வரலாறும் ஒன்றுதான்.

கழியும் குப்பங்களும்

கொசஸ்தலை 136 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, மணலிக்கு வடக்கே சதுப்பில் பரந்து, எண்ணூரில் கடலைச் சேர்கிறது. வடக்கே பழவேற்காடு ஏரிவரை உப்பங்கழி தொடர்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் பற்றிப் பேசும் அளவுக்குச் சென்னைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நகரத்தின் மூன்று ஆறுகளில் பெரியது இதுதான்.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடமாகையால் இங்கே மீன்வளம் அதிகம். மடவை, கிழங்கான், கொடுவா, சேற்று நண்டு, பல வகை இறால் எல்லாம் இந்தக் கழியின் விளைச்சல். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்க்காரர்கள் ‘பாடு’ முறையில் இங்கே மீன் பிடித்து வந்தனர். எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படாத தண்ணீரில், பசித்தவர் எல்லோருக்கும் பங்கு வரும்படி செய்த ஒழுங்கு. இருளர்கள் வலையோ படகோ இல்லாமல், இடுப்பளவு நீரில் உட்கார்ந்து கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். வெள்ளைக்காரத் துரைகளின் தட்டுக்குப் போன இறாலும் இப்படிப்பட்ட கைகளில் பிடிபட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழர் வழக்கத்தில் நீர்நிலைக்கும் சாப்பாட்டுக்கும் உறவு பழையது. ஆடிப்பெருக்குக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவதும், பௌர்ணமியில் நிலாச்சோறு உண்பதும் நாம் அறிந்தவை. ஆனால் அவையெல்லாம் கரையில், மணலில் உட்கார்ந்து உண்பவை. தெப்பத்தில் ஏறி நீரின்மேல் உலா வந்தது சாமிதான்; மனிதர்கள் படியில் நின்று கும்பிட்டார்கள். உல்லாசத்துக்கென்று படகேறிப் போய் விருந்துண்பது சென்னைக்கு ஆங்கிலேயரோடு வந்த பழக்கம்.

காக்ரேன் கால்வாய்

எண்ணூர் வெறும் மீனவர் ஊராக இருந்த காலத்திலும் புனித ஜார்ஜ் கோட்டையில் வாழ்ந்த வெள்ளையர்களுக்கு அது தெரிந்த இடம்தான். அதைச் சென்னையின் ஓய்விடமாக்கியது ஒரு கால்வாய். பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, கடற்படைக்குச் சரக்கு கொடுக்கும் ஒப்பந்தத்தில் பெரும்பணம் சேர்த்தவர். அவர் முயற்சியில் 1806ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர்வரை 11 மைல் நீளத்துக்கு உப்புநீர்க் கால்வாய் உருவானது. மக்கள் அதைக் காக்ரேன் கால்வாய் என்றார்கள். பின்னர் அது பழவேற்காடுவரை நீண்டது.

கால்வாயை வெட்டியது உல்லாசத்துக்காக அல்ல, விறகுக்காக. நகரத்து அடுப்புகளுக்கு ஸ்ரீஹரிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளிலிருந்து விறகு வர வேண்டியிருந்தது. விறகோடு உப்பும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் நெல்லும் வந்தன. கால்வாய்ச் சரக்கு இறங்கிய இடத்தின் அடையாளம் பேசின் பிரிட்ஜ் என்ற பெயரிலும், உப்பு இறங்கிய இடத்தின் அடையாளம் சால்ட் கொட்டார்ஸ் என்ற பெயரிலும் இன்றும் இருக்கிறது. அங்கிருந்து கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக, ஊர்களுக்கு மேற்கே ஒதுங்கி, கால்வாய் வடக்கே போகிறது.

தோணியை நகர்த்தியது மனிதர்களின் உடல். காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் இரண்டு பேர் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு முன்சாய்ந்து இழுத்து நடப்பார்கள். இன்னொருவர் தோணியின் ஓரத்தில் நின்று மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி, மார்பால் அழுத்தித் தள்ளிக்கொண்டே பின்பக்கம்வரை நடந்து, கழியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி முன்னால் வருவார். பயணிகள் உட்கார்ந்தபடி கரையைப் பார்த்துக்கொண்டு போன அந்த மெதுவான உலாவின் வேகம், இழுப்பவரின் மூச்சுக்கு ஏற்ற வேகம்.

கழிக்கரை விருந்து

எண்ணூரில் வெள்ளையர்கள் பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். கழிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டில் பிற்பகலிலேயே கடற்காற்று வீசத் தொடங்கிவிடும்; கோட்டைக்குள் புழுங்கியவர்களுக்கு அதுவே போதுமான காரணம். படகு ஓட்டவும் பாய் விரிக்கவும் அலையில்லாத நீர். சாப்பிட அன்றன்று பிடித்த மீன், பாறையிலிருந்து பெயர்த்த ஆளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில ஊர்க்குறிப்புகள் எண்ணூரைச் சென்னை ஐரோப்பியர்களின் உல்லாச இடமாகவே குறிக்கின்றன. பின்னர் கூடூர் ரயில்பாதை எண்ணூர் வழியாகப் போடப்பட்டதும், படகில் அரைநாள் எடுத்த பயணம் குறைந்த நேரத்தில் முடிந்தது. வெள்ளையரல்லாத நகரத்தாரும் குடும்பத்தோடு கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு வரக்கூடிய இடமாயிற்று.

1877-78இல், பெரும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கூலியாகக் கிடைத்த கஞ்சிக்கும் காசுக்கும் பட்டினிக்காரர்கள் மண் சுமந்தார்கள். வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் அதனால் ஒன்றாயின. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. மெரினாவுக்குப் பின்னால் ஓடும் அந்தத் துண்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், சூட்டப்பட்ட பெயரைவிட வெட்டியவர்களின் பசிதான் நினைவுக்கு வரவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

இந்தக் கால்வாயில் தமிழர்கள் உல்லாசமாகப் போன பயணங்களில் புகழ்பெற்றது வடக்கே அல்ல, தெற்கே நடந்தது. 1934இல் பாரதிதாசன், ப. ஜீவானந்தம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலிய நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் போனார். ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அதிலிருந்து பிறந்தது. துரைகளுக்கு ஓய்வாக இருந்த படகு உலா, அந்தப் பயணத்தில் நண்பர்களின் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடமானது.

துறைமுகமும் மற்ற நீர்களும்

உல்லாசப் படகோட்டம் இதற்கிடையில் வேறு இடங்களுக்கும் நகர்ந்தது. 1867இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப் 1892 முதல் அடையாற்றில் நிலைகொண்டது. சென்னைத் துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் துறைமுகத்துக்குள்ளேயே பாய்மரப் படகுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று அது இன்றும் இயங்குகிறது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்து மீனவர்களுக்கும் அந்தப் படகுகளுக்கும் நடுவில் ஒரு மதிலும் பல தலைமுறைத் தூரமும் இருந்தன. துறைமுகச் சுவர்கள் கடலில் நீண்டதும் மணல் தெற்கே குவிந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர்வரை கரை அரிக்கப்பட்டுக் குப்பங்கள் வீடுகளை இழந்தன. ஒரே கட்டுமானம் நகரத்தின் ஒரு பாதிக்கு உலாவும் இடத்தையும் மறு பாதிக்குக் கல் கொட்டிய கரையையும் தந்தது.

நீரின்மேல் இரவுச் சாப்பாடு ராயபுரத்துக்குப் புதியதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டிலிருந்து நாள்கணக்கில் தங்கலுக்குப் போகும் விசைப்படகுகளில் சமையலும் படகில்தான். ஐஸ் பெட்டி, டீசல், அரிசி, மிளகாய்த்தூள், புளி எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும். வலையில் விழுந்த மீனில் விலைபோகாததையோ குழம்புக்கென்று ஒதுக்கியதையோ கடல்தண்ணீரிலேயே அலசி, ஆடும் அடுப்பில் கொதிக்க வைத்து, தட்டைச் சுற்றிக் குந்தி உண்பார்கள். இதைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேடும் எழுதவில்லை.

நகர ஆற்றில் பொதுமக்களுக்குப் படகு விடும் முயற்சி கூவத்தில் நடந்தது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபின் கூவம் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. படகுத்துறைகள் கட்டப்பட்டு அவற்றுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. 1973இல் கருணாநிதி படகுப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். கழிவுநீர் நிற்கவில்லை, படகு நின்றுவிட்டது.

மற்ற நகரங்களின் கதை வேறு. பாரிசில் செய்ன் ஆற்றில் 1949 முதல் பாத்தோ மூஷ் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்கள் ஓடின. பாங்காக்கின் சாவோ பிரயாவிலும் பனாஜியின் மாண்டவியிலும் மாலைக் கப்பல்கள் நகரத்தின் அடையாளமாயின. சபர்மதியில் 2023இல் உணவுக் கப்பல் வந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984இல் தொடங்கிய முட்டுக்காடு படகுக் குழாமில், அண்மையில் இரண்டடுக்கு மிதவை உணவகம் ஒன்று சேர்ந்திருக்கிறது. அதுவும் கழிமுகம்தான், அதே பக்கிங்காம் கால்வாய் தொடும் நீர்தான்; ஆனால் நகரத்தின் தென்கோடி. வடக்கே 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா சொகுசுக் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். ராயபுரத்துக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்ட கப்பல் நேரே ஆழ்கடலுக்குப் போனது. எண்ணூரைத் தொட அதற்கு வேலையில்லை.

சாம்பலும் எண்ணெயும்

எண்ணூர் வழக்கம் அற்றுப்போனதற்குக் காரணங்கள் பல. 1960களின் புயல்களில் கால்வாய் சேதமடைந்தது. லாரியோடு தோணி போட்டியிட முடியவில்லை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொடங்கப்பட்டபோதே அது தொழில் ஊராக மாறத் தொடங்கியிருந்தது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம் என்று கழியைச் சுற்றி நிலம் நிரம்பியது. பழைய மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதுவரை சென்னையின் வீடுகளுக்கு வெளிச்சம் தந்த நிலக்கரியின் மிச்சம் எண்ணூரில்தான் தங்கியது.

கழியைக் கெடுத்தது முதன்மையாக மூன்று. மின்நிலையத்திலிருந்து சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் உடைந்து, சாம்பல் குழம்பு ஆற்றில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. மின்நிலையம் குளிர்விக்கப் பயன்படுத்திய நீர் சூடாகவே வெளியேறி, இறால் குஞ்சுகள் வளரும் ஆழமற்ற பகுதிகளைக் கெடுத்தது. அகழ்ந்தெடுத்த மணலைக் கொட்டியும் கட்டடங்களை எழுப்பியும் சதுப்பு நிலம் நிரப்பப்பட்டது. ஆனால் 1996இன் கடலோர மண்டல வரைபடம் இங்கே 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பைக் கட்டுமானம் கூடாத நீர்ப்பகுதியாகக் காட்டுகிறது. டி.எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதி, 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ இந்தக் கழிக்கரையில் படமாக்கப்பட்டு, வடசென்னைக்கு வெளியிலும் இந்த வழக்கைக் கேட்க வைத்தது. சாம்பல் மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் தீர்ப்பளித்தது.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. திருவொற்றியூர்க் கரையில் இளைஞர்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்குள் புகுந்தது. காக்ரேன் விறகு கொண்டுவந்த அதே பாதை. படகின் அடிப்பலகை, வலை, கயிறு, வீட்டுச் சுவர், கூழைக்கடாக்களின் இறகு எல்லாம் கறுத்தன. எண்ணெயில் ஊறிய வலையைக் கழுவ முடியாது; எரிக்கத்தான் வேண்டும். பிடித்த மீனையும் வாரக்கணக்கில் யாரும் வாங்கவில்லை. அந்த மாத இறுதியிலேயே பெரியகுப்பம் கடலோரக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.

இப்போது

அண்மை ஆண்டுகளில் கழியில் இன்னொன்று பரவியிருக்கிறது. தென்னமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த ஒருவகை ஆளி. குப்பத்துக்காரர்கள் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். ஆற்றடி முழுக்கப் பாய்போலப் படர்ந்து, இறால் புதையும் சேற்றை மூடிவிடுகிறது. சேற்றில் கைவைத்துப் பிடிப்பவர்களின் விரல்களையும் கால்களையும் அதன் ஓடுகள் கிழிக்கின்றன. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி, பின்பு வெளியேற்றும் நீரோடு இது வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஒரு காலத்தில் ஆளி தின்பதற்கென்றே ஆட்கள் படகேறி வந்த கழி இது.

வடசென்னைக்கும் ஒரு படகுக் குழாம் வேண்டும் என்பது நியாயமான விருப்பம். கடற்காற்றும் படகு உலாவின் பழைய வழக்கமும் உள்ள நீர் முட்டுக்காட்டில் மட்டும் இல்லை. ஆனால் எண்ணூரில் படகுத்துறையைக் கட்டுவது கடைசி வேலையாகத்தான் இருக்க முடியும். படிந்த சாம்பலை அள்ளுவது, சுடுநீரைக் கழிக்குள் விடாமல் நிறுத்துவது, முகத்துவாரத்தை மண் மூடாமல் காப்பது, மிச்சமிருக்கும் சதுப்பை இனி நிரப்பாமல் விடுவது ஆகியவையே குப்பத்து மீனவர்கள் மனுக்களிலும் நீதிமன்றங்களிலும் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருபவை. காக்கா ஆழியை அகற்றுவதும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.