மதியிறுக்கமும் நினைவாற்றலும்: கானர் முதல் பௌச்சர் வரை

மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்தை 1943இல் விரித்துரைத்த லியோ கானர், தாம் ஆராய்ந்த 11 குழந்தைகளின் நினைவாற்றல் மிகச் சிறந்தது என்றே குறித்தார். அவர்களுள் ஒருவன் மழலைப் பருவத்திலேயே சமய வினாவிடை நூலின் 25 வினாக்களை விடைகளுடன் மனப்பாடமாகக் கூறியவன். இத்தகு ஒப்புவித்தலையே நினைவாற்றல் முழுமைக்கும் சான்றாகக் கொண்டமை பின்வந்தோரை நெடுநாள் திசைதிருப்பியது எனலாம்.

1960களில் ஹெர்மெலின், ஓ'கானர் ஆகிய இருவரும் இலண்டனில் நிகழ்த்திய சோதனைகள் வேறொன்றைக் காட்டின. கேட்டவுடன் திருப்பிச் சொல்லும் குறுகியகால நினைவில் இக்குழந்தைகள் குறைந்தவரல்லர். ஆயின் சொற்கள் பொருளுள்ள தொடராக அமைந்தபோது பிற குழந்தைகள் பெற்ற அளவு பயனை அவர்கள் பெறவில்லை.

நீண்டகால நினைவு குறித்து 1976இல் பௌச்சரும் வாரிங்டனும் வெளியிட்ட முடிவு இன்னும் நுட்பமானது. சற்றுமுன் கற்றதைத் தாமாக நினைவுகூர்வதில் இக்குழந்தைகள் பின்தங்கினர். குறிப்பொன்று தந்தபோது பிறர்க்கு இணையாக நின்றனர். மறதிநோயாளருடன் அவ்விருவரும் செய்த ஒப்பீடு மிகையெனினும், இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது. 'இன்று என்ன செய்தாய்?' என்னும் வினாவிற்கு வாய்மூடியிருக்கும் குழந்தை, 'ஊஞ்சலில் யாருடன் ஆடினாய்?' என்றதும் விடை கூறக்கூடும். முன்னைய மௌனம் பிடிவாதமாகவே கொள்ளப்பட்டது.