கிறைஸ்ட்சேர்ச்சில் தொடங்கிய விவாதம்

1937இல் வியன்னாவிலிருந்து ஓர் இளம் தம்பதியர் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகருக்கு வந்து சேர்ந்தனர். கணவர் கார்ல் பொப்பர், யூத வம்சாவளியினர். அங்கிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது. மறு ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கிய செய்தி எட்டியபோது ஒரு புத்தகம் எழுதத் தீர்மானித்தார். ‘திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்’ 1945இல் இலண்டனில் வெளிவந்தது.

சமூகத்தில் நடக்கும் கெட்டதெல்லாம் யாரோ சிலர் மறைவில் திட்டமிட்டதன் விளைவு என்னும் எண்ணத்தைப் பொப்பர் அந்நூலில் சாடினார். அவர் பார்வையில் அது பழைய கடவுள் நம்பிக்கையின் மறுபிறப்பு. ஹோமரின் தேவர்கள் இருந்த இடத்தில் இப்போது யூதப் பெரியவர்களும் முதலாளிகளும். சதிகள் நடப்பதை அவர் மறுக்கவில்லை. அவை அநேகமாக நினைத்தபடி முடிவதில்லை என்றார். வீடு வாங்கச் சந்தைக்கு வருபவர் விலை ஏறுவதை விரும்புவதில்லை. ஆனால் அவர் வந்ததாலேயே விலை ஏறுகிறது. (இந்த உதாரணம் ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு விளக்கமின்றிப் புரியும்.)

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுப்பும் அதே தென்தீவிலிருந்து வந்தது. டுனீடினில், ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் பிக்டன் 1995இல் எழுதிய கட்டுரை கேட்டது எளிய கேள்வி: எல்லாமே சதி என்று நம்புகிறவர் யார்? அப்படி ஒருவரும் இல்லையென்றால் பொப்பர் வீழ்த்தியது வைக்கோல் பொம்மையை. குறிப்பிட்ட ஒரு சதி நடந்ததா என்ற கேள்வி தொடப்படாமலே கிடக்கிறது.

இந்த இழையைத் தம் வாழ்க்கைப் பணியாக்கியவர் எம். ஆர். எக்ஸ். டென்டித். ஒக்லாந்தில் இதே பொருளில் முனைவர் பட்டம், 2014இல் நூல், பின்னர் புக்கரெஸ்ட், சீனா என்று வேலை தேடிய பயணம். ‘சதிக்கோட்பாடு’ என்பது வசைச்சொல் அல்ல, சதியைக் காரணமாகக் காட்டும் விளக்கம், அவ்வளவே என்பது அவர் நிலைப்பாடு. பெயரை வைத்துத் தள்ளாதே. ஒவ்வொன்றையும் அதற்குரிய சான்றை வைத்து எடைபோடு.

ஒக்லாந்துக்காரர் உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1985 ஜூலை 10 இரவு அந்நகரத் துறைமுகத்தில் கிரீன்பீஸின் ‘ரெயின்போ வோரியர்’ கப்பல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. பெர்னாண்டோ பெரெய்ரா என்ற புகைப்படக்காரர் இறந்தார். பிரான்ஸ் மறுத்தது. செப்டெம்பரில் அதன் பிரதமரே தம் உளவுத்துறையின் வேலை என ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட வாரங்களில் பாரிஸைச் சந்தேகித்தவர்கள் சதிக்கோட்பாட்டாளர்கள்தான். அவர்கள் சொன்னது உண்மை. அரசுகளும் சதிக்கோட்பாடு பேசும்: ட்ரொட்ஸ்கி மீது மொஸ்கோ வழக்குகளில் சுமத்தப்பட்டதும் ஒரு சதிக்கதையே. அது சோடிக்கப்பட்டது என்று 1937இல் விசாரித்துச் சொன்ன குழுவின் தலைவர் ஜோன் டூயி, அவரும் தத்துவப் பேராசிரியர்.

எனக்கு டென்டித்தோடு பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் எடைபோட்டு முடியும்வரை கொலைகாரன் காத்திருப்பதில்லை. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, பொப்பர் எழுதிய அதே கிறைஸ்ட்சேர்ச்சில், இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் விட்டுச்சென்ற ஆவணத்தின் தலைப்பு ‘பெரும் மாற்றீடு’. வெள்ளையரை அகற்றத் திட்டமிட்டே குடியேறிகளைக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள் என்ற கோட்பாடு அது. அந்தக் ‘குடியேறிகள்’ நாமும்தான்.

இதையும் எடைபோடலாம். வியப்பு என்னவென்றால், இங்கே உதவிக்கு வருவது பொப்பரின் வீடு வாங்குபவர். எந்த நகரத்தின் முகத்தையும் மாற்றவேண்டும் என்று எண்ணி நம்மில் எவரும் விமானம் ஏறவில்லை. ஒருவர் ஷெல்லுக்குப் பயந்து வந்தார். ஒருவர் படிக்க வந்தார். ஒருத்தி புகைப்படத்தில் மட்டுமே பார்த்த மாப்பிள்ளையைக் கட்ட வந்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.