வாஷரும் வட்டக் கூடாரமும்

ஒன்று, உள்ளங்கையில் பத்து அடங்கும் அளவு. மற்றதில் ஒரு குடும்பமே அடங்கும். கட்டுமானத்தில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் அடியில் இடப்படும் உலோக வாஷரையும், மங்கோலியர் ‘கெர்’ என்றும் பிறர் ‘யர்ட்’ என்றும் அழைக்கும் வட்டக் கூடாரத்தையும் ஒரே தராசில் வைப்பது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டையும் மேலிருந்து பாருங்கள்: ஒரு வட்டம், நடுவே ஒரு துளை. இந்த ஒற்றுமை உருவத்தோடு நின்றுவிடுகிறதா, வேலையிலும் தொடர்கிறதா?

வாஷரின் முதற்கடமை பாரத்தைப் பரப்புவது. மரம் தன் நார்களின் நீளவாக்கில் வலிமையானது. குறுக்குவாக்கில் எளிதில் நசுங்கும். வெறும் நட்டை முறுக்கினால் அது மரத்துக்குள் புதைந்து, இறுக்கம் போய்விடும். 12 மி.மீ. போல்ட்டுக்கு வழக்கமான தட்டை வாஷரின் வெளிவிட்டம் 24 மி.மீ.; அகல வாஷருக்கு அது 37 மி.மீ. விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, மரத்தைத் தாங்கும் பரப்போ ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. கெரும் இதையே செய்கிறது. கூரையில் விழும் பனியின் எடை பல கழிகள் வழியாகப் பிரிந்து, சுவரின் பின்னல் சட்டகம் முழுவதற்கும் இறங்குகிறது. எந்த ஒரு புள்ளியும் தனியாகச் சுமப்பதில்லை. எந்தப் பக்கம் சுழற்றினாலும் ஒன்றுபோல் அமர வேண்டியிருப்பதால் வாஷர் வட்டம். எந்தத் திசையிலிருந்தும் காற்று வரக்கூடும் என்பதால் கெர் வட்டம்.

தட்டை வாஷரோடு ஒப்புமை இவ்வளவுதான். உண்மையான உறவு வேறொரு வாஷரில் இருக்கிறது. பிரான்சின் ஜூலியன் பெல்வில் 1867இல் காப்புரிமை பெற்ற கூம்பு வாஷர், தட்டையாக இல்லாமல் நடுவில் மேடிட்டிருக்கும். மேலிருந்து அழுத்தினால் துளையின் மேல்விளிம்பு நெருக்கப்படுகிறது. வெளிவட்டத்தின் கீழ்விளிம்பு விரிய முயன்று இழுபடுகிறது. உள்ளே அமுக்கம், வெளியே இழுவிசை. இப்போது கெரின் கூரையைப் பாருங்கள். உச்சியில் ‘தோனோ’ என்ற மரவளையம். சுற்றிலுமிருந்து கூரைக் கழிகள் அதை நெருக்குகின்றன. கீழே கழிகளின் மறுமுனைகள் சுவரை வெளியே தள்ளுகின்றன. சுவரைச் சுற்றிய முடிக்கயிறு இழுபட்டு அதைத் தடுக்கிறது. உள்ளே அமுக்கம், வெளியே இழுவிசை! பெல்வில் எஃகில் வார்த்த கணக்கை மேய்ப்பர்கள் மரத்திலும் கயிற்றிலும் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரும் மகிழ்ச்சி தருவது.

ஒற்றுமை இன்னும் ஆழமாகப் போகிறது. தோனோவிலிருந்து ‘சக்தகா’ என்ற கயிறு தொங்கும். சாதாரண நாட்களில் அதைச் சுருட்டிக் கூரைக் கழிகளுக்கிடையே செருகிவைப்பார்கள். புயல் வந்தால் அதை இறக்கி, கனமான பொருளைக் கட்டுவார்கள், அல்லது வீட்டார் கையாலேயே இழுத்துப் பிடிப்பார்கள். காற்று கூரையை மேலே தூக்க முயல்கிறது. கூரையின் எடையும் கயிறும் சேர்ந்து அதைவிட வலுவாகக் கீழே இழுக்க வேண்டும், இல்லையேல் கழிகள் தம் இடத்தை விட்டு எழும்பிவிடும். போல்ட் இணைப்பின் இலக்கணமும் இதுவே. நட்டை முறுக்கி முன்கூட்டியே ஏற்றிவைக்கும் இறுக்கம், பின்னால் வரப்போகும் இழுப்பைவிட மிகுந்திருக்கும் வரை இணைப்பு வாய்பிளக்காது. அந்த இறுக்கம் மரத்துக்குள் புதைந்து வீணாகாமல் காப்பது வாஷர்; புயலின் நேரத்தில் கெருக்கு அந்த இறுக்கத்தைத் தருவது சக்தகா.

வேற்றுமைகளும் சிறியவை அல்ல. வாஷரின் துளை நிரம்பியிருக்க வேண்டும். போல்ட் இல்லாத துளையால் பயனில்லை. கெரின் துளை திறந்திருக்க வேண்டும். வெளிச்சம் அதன் வழியே இறங்க, அடுப்பின் புகைக்குழாய் அதன் வழியே ஏறுகிறது. வாஷர் அசையாமைக்காகப் பிறந்தது. கெர் இடம்பெயரவே பிறந்தது. அதன் பின்னல் சட்டங்கள் சேரும் இடங்களில் பச்சைத்தோல் வார் முடிச்சுகள்தான், ஒரு போல்ட்டும் இல்லை. ஒவ்வொரு முடிச்சும் ஒரு கீல். சுவரை மடக்கி ஏற்றிக்கொண்டு மேய்ப்பர் குடும்பம் ஆண்டில் சில முறை இடம் மாறுகிறது.

இரண்டும் ஒன்றையொன்று சந்தித்த இடம் அமெரிக்கா. 1960களில் பில் காப்பர்த்வெயிட் அங்கே யர்ட்டைப் பரப்பினார். 1978இல் ஓரிகனில் தொடங்கிய பசிபிக் யர்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் முடிக்கயிற்றுக்குப் பதில் எஃகுக் கம்பிவடம் சுற்றின. கூடாரம் மரமேடை மீது ஏறியது. மேடையோடு போல்ட்டும் வாஷரும் உள்ளே வந்தன. வீடு நகர்வதை நிறுத்தியபோதுதான் அதற்கு வாஷர் தேவைப்பட்டது என்பேன்.

மங்கோலியக் கெரானாலும் அமெரிக்க மேடை யர்ட்டானாலும், மின்கம்பி எட்டாத இடத்தில் வாழ்வதன் கடினம் ஒன்றுதான்: நீரைச் சுமக்க வேண்டும், அடுப்புக்கு இரவிலும் விறகிட வேண்டும். மேடை யர்ட்டுக்கு மட்டும் இன்னொரு கவலை உண்டு. ஆட்டு உரோமத்தை அழுத்திச் செய்த கெர்ப் போர்வை ஈரத்தை வெளியே விடும். பிளாஸ்டிக் பூசிய துணி விடாது. குளிர்காலத்தில் சமையலாவியும் மூச்சும் உட்புறத்தில் நீராகக் கோத்து, உலோகம் இருக்கும் இடங்களில் துருவாகின்றன. மேடைக்குப் போடும் பதப்படுத்திய மரத்தில் செம்புச் சேர்மங்கள் இருந்தால், மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள வாஷரை அவையே அரித்துவிடும்.

இடம் மாறும் கெருக்கு இணைப்புகளின் சோதனை தானாக நடந்துவிடுகிறது: பிரித்துக் கட்டும் ஒவ்வொரு முறையும் எல்லா முடிச்சுகளும் கைபட்டுப் பார்க்கப்படுகின்றன. மேடை யர்ட்டில் வாழ எண்ணுவோர் அதை நினைவாகச் செய்ய வேண்டும். மரத்தின் மீது அகல வாஷரையே போடுங்கள். போல்ட், நட்டு, வாஷர் மூன்றும் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தவையாகவோ, மூன்றும் எவர்சில்வராகவோ இருக்கட்டும், கலக்காதீர்கள். புதிய மரம் காய்ந்து சுருங்கும் என்பதால், முதல் கோடை முடிந்ததும் ஸ்பேனரை எடுத்து மேடையின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள்.