படுத்திருக்கும் சிலை

சிலைகள் நிற்கும். சில உட்கார்ந்திருக்கும். இன்னும் சில குதிரை மேல் ஏறி வாளை உருவிக்கொண்டிருக்கும். ஒரு சிலை படுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும், உடம்பெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் பூசப்பட்டு?

பார்க்க ஆசைப்பட்டால் இங்கிலாந்தில் இருக்கும் பிரிஸ்டல் துறைமுக நகருக்குப் போக வேண்டும். அங்கே தண்ணீரை ஒட்டி ‘எம் ஷெட்’ என்றொரு மியூசியம். பெயரே விசித்திரமாக இருக்கிறதல்லவா? கப்பலில் வந்திறங்கும் சரக்கை அடுக்கிவைக்க 1950-களில் கட்டிய கிடங்கு அது. கிடங்குகளுக்கு அடையாளமாக வைத்த எழுத்துதான் அந்த ‘எம்’. 2011-ல் அதை நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் இடமாக மாற்றினார்கள். வாசலில் பழைய கிரேன்கள் இன்னும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

படுத்திருப்பவர் யார் என்று சொல்வதற்கு முன்னால், ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

பிரிஸ்டல் கடலோரத்தில் இல்லை. ஏவான் ஆறு வழியாகத்தான் கப்பல்கள் உள்ளே வரவேண்டும். அந்த ஆற்று முகத்துவாரத்தில் கடல்மட்டம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை 12 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும். நாலு மாடி உயரம்! தண்ணீர் வடிந்ததும் கப்பல்கள் பொத்தென்று சேற்றில் உட்கார்ந்துவிடும். 1809-ல் வில்லியம் ஜெசப் என்ற இன்ஜினீயர் மதகுகள் கட்டி, ஆற்றுக்கு வேறு கால்வாய் வெட்டி, துறைமுகத் தண்ணீரை வடியாமல் நிறுத்தினார். அன்றிலிருந்து அங்கே கப்பல்கள் எப்போதும் மிதந்தன. அடியில் இருந்த சேறு யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று.

ஊரின் வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான்.

1698 முதல் 1807 வரை பிரிஸ்டலிலிருந்து சுமார் 2,100 கப்பல் பயணங்கள் அடிமை வியாபாரத்துக்காகவே கிளம்பின. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஆப்பிரிக்கர்கள் அந்தக் கப்பல்களில் அடைக்கப்பட்டார்கள். வியாபாரம் நடந்த விதத்தைப் பாருங்கள். பித்தளைப் பாத்திரம், துணி, துப்பாக்கி எல்லாம் பிரிஸ்டலிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கே சரக்குக்குப் பதில் மனிதர்கள். அவர்களைக் கரீபியன் தீவுகளில் விற்றுவிட்டு, சர்க்கரையும் ரம்மும் ஏற்றிக்கொண்டு கப்பல் ஊர் திரும்பும். சங்கிலி போட்ட மனிதர்களைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்க வேண்டிய கட்டாயம் பிரிஸ்டல்காரர்களுக்கு இல்லை. அவர்கள் பார்த்தது சர்க்கரையைத்தான். இனிப்பாகத்தான் இருந்தது!

இப்போது அந்தச் சிலைக்காரரிடம் வருவோம். எட்வர்ட் கோல்ஸ்டன். 1636-ல் பிரிஸ்டலில் பிறந்தவர். லண்டனில் இயங்கிய ‘ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி’யில் உறுப்பினராக இருந்து, அதன் துணை கவர்னர் பதவி வரை போனவர். அவர் அந்தக் கம்பெனியில் இருந்த காலத்தில் சுமார் 84,000 ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கடத்தப்பட்டார்கள் என்றும், அவர்களில் ஏறக்குறைய 19,000 பேர் நடுக்கடலிலேயே இறந்துபோனார்கள் என்றும் கணக்கிடுகிறார்கள். சம்பாதித்த பணத்தில் சொந்த ஊருக்குப் பள்ளிக்கூடம், முதியோர் விடுதி என்று அள்ளிக் கொடுத்தார் மனிதர். அவர் இறந்து 174 வருஷம் கழித்து, 1895-ல் நடு ஊரில் வெண்கலச் சிலை எழுந்தது. ஊரின் புத்திசாலியான, ஒழுக்கசீலரான மைந்தர்களில் ஒருவர் என்று பீடத்தில் பொறித்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பது பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அதே ஊரில், கிரேட் ஜார்ஜ் தெருவில், ‘ஜார்ஜியன் ஹவுஸ்’ என்று இன்னொரு மியூசியம். 1790 வாக்கில் ஜான் பின்னி என்ற சர்க்கரை வியாபாரி கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் சமையலறை, அங்கேயே பின்னி பச்சைத் தண்ணீரில் முங்கிக் குளிப்பதற்கென்று ஒரு தொட்டி. மேலே சாப்பாட்டு மேஜை, புத்தக அலமாரி, அழகழகான நாற்காலிகள். ‘அடடா, என்னமாய் வாழ்ந்திருக்கிறார்கள்!’ என்று சொல்லிக்கொண்டே அறை அறையாகப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். வந்துவிடாதீர்கள். அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார்.

பெயர், பெரோ. கரீபியனில் இருக்கும் நெவிஸ் தீவில் பின்னிக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. 1765-ல் அங்கே பெரோவை விலைக்கு வாங்கினார் பின்னி. அப்போது பையனுக்கு வயது 12. கூடவே நான்ஸி, ஷீபா என்ற அவனுடைய தங்கைகளையும் வாங்கினார். பெரோ முடி திருத்தக் கற்றுக்கொண்டார். 1783-ல் எஜமானர் குடும்பத்தோடு பிரிஸ்டலுக்கு வந்தார். பின்னிக்குச் சொந்த வேலைக்காரராக எத்தனையோ வருஷம் உழைத்தார். 1798-ல் இறந்தார். கடைசி வரை விடுதலை கிடைக்கவில்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? பெரோ டைரி எழுதவில்லை. எழுதியவர் பின்னி. கணக்கு வழக்கில் படு கறாரான ஆசாமி. அவருடைய கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. வாங்கியவன் செலவுக் கணக்கு எழுதினான். அதனால் வாங்கப்பட்டவனின் பெயர் பிழைத்தது. கணக்கில் ஏறாத லட்சக்கணக்கான பேருக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. 1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. யாருக்குத் தெரியுமா? அடிமைகளுக்கு இல்லை... எஜமானர்களுக்கு!

1999-ல் துறைமுகத்தின் குறுக்கே கட்டிய ஒரு நடைபாலத்துக்கு ‘பெரோ பாலம்’ என்று பெயர் வைத்தார்கள். கோல்ஸ்டன் சிலை நின்ற இடத்திலிருந்து அது கொஞ்ச தூரம்தான். ஒருவருக்குப் பீடம், இன்னொருவருக்குப் பாலம் என்று இருபது வருஷம் ஓடியது.

2020 ஜூன் 7. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதைக் கண்டித்து பிரிஸ்டலில் ஊர்வலம். கூட்டம் கயிறு கட்டி கோல்ஸ்டனைக் கீழே இழுத்தது. தெரு வழியாக உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. தள்ளிய இடம், பெரோ பாலத்தின் பக்கத்தில்!

நாலு நாள் கழித்து நகராட்சி சிலையை வெளியே எடுத்தது. சேற்றைக் கழுவியபோது ஒரு சைக்கிள் டயர் வந்தது. சிலைக்கு உள்ளேயிருந்து 1895-ம் வருஷத்து வாரப்பத்திரிகை ஒன்றும் வந்தது! அதில், சிலையைப் பொருத்திய தொழிலாளிகள் தங்கள் பெயர்களைக் கையால் எழுதிவைத்திருந்தார்கள். பீடத்தில் இடம் கிடைக்காதவர்கள் சிலையின் வயிற்றுக்குள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சரி, இந்தச் சிலையை என்ன செய்வது? மறுபடி நிறுத்தவேண்டும் என்றார்கள் சிலர். உருக்கிவிடு என்றார்கள் வேறு சிலர். 2021-ல் அதை எம் ஷெட்டில் வைத்து ஊரையே கேட்டார்கள். ஏறக்குறைய 14,000 பேர் பதில் சொன்னார்கள். மியூசியத்தில் இருக்கட்டும் என்பதே பெரும்பான்மை. 2024-லிருந்து அது அங்கே நிரந்தரமாக இருக்கிறது. பெயின்ட்டைச் சுரண்டவில்லை. நிமிர்த்தி வைக்கவுமில்லை. 1895-ம் அதில் இருக்கிறது, 2020-ம் இருக்கிறது.

வரலாற்றை அழித்துவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். யோசித்துப் பாருங்கள். 125 வருஷம் நின்றுகொண்டிருந்த அந்தச் சிலை 84,000 பேரைப் பற்றி வாய் திறந்ததா? படுத்த பிறகுதான் பேசுகிறது.

பிரிஸ்டலுக்குப் போக வாய்த்தால் முதலில் பின்னியின் வீட்டைப் பாருங்கள். அங்கிருந்து இறங்கி, பெரோ பாலத்தைக் கடந்து, எம் ஷெட்டுக்கு நடந்து போங்கள். அதிகம் போனால் இருபது நிமிஷ நடை. பாலத்தின் நடுவில் ஒரு நிமிஷம் நின்று கீழே எட்டிப் பாருங்கள். தண்ணீர் அமைதியாகத்தான் இருக்கும். அடியில் சேறு இருப்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.