சோழ அரசியர்: கோலமும் தகுதியும்

பிரான்சு நாட்டை ஆண்ட நான்காம் பிலிப்பு 1294ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தான். எவ்வளவு வருவாயுடைய குடும்பத்துப் பெண் ஓராண்டில் எத்தனை உடைகள் பெறலாம் என்று அது வரையறுத்தது. நகர வணிகர் வீட்டுப் பெண்கள் பொன்னும் மணியும் அணிவதும் விலையுயர்ந்த மென்மயிர்த்தோல் உடுத்துவதும் விலக்கப்பட்டன. ஆடையைக் கண்ட அளவிலே குலமும் நிலவுடைமையும் விளங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு சோழநாட்டு அரசியர் எவ்வாறு தோன்றினர்? நாட்காட்டி ஓவியமும் திரைப்படமும் தீட்டிய கோலங்களே நம் கற்பனையில் குடியேறியுள்ளன. சான்றுகள் காட்டும் தோற்றம் வேறு. வாசிங்டன் பிரீயர் கலைக்கூடத்திலுள்ள ஒரு செப்புப் படிமத்தைச் செம்பியன் மாதேவியின் உருவமாக அறிஞர் பலர் கருதுவர். உமையின் திருமேனி என்பாரும் உளர். உயர்ந்த மகுடம், தோளிலும் மார்பிலும் அணிகள், இடைக்குக் கீழே உடலோடு ஒட்டிய மெல்லாடை; மேலாடை இல்லை. அரசியையும் அம்மையையும் பிரித்தறிய இயலாதவாறு சிற்பி வடித்துள்ளான். ஆயினும் சிற்பமரபை அன்றாட வாழ்க்கையின் நிழற்படமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

அரசியரின் தகுதியை உறுதியாகக் கூறுவன கல்வெட்டுகளே. தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்தவற்றை அடுத்து அக்கன் கொடுத்தவற்றையும், அதன் பின்னரே தன் தேவியர் கொடுத்தவற்றையும் பொறிக்குமாறு இராசராசன் ஆணையிட்டான். அந்த அக்கன் குந்தவை. உமாபரமேசுவரி திருமேனிகளையும், தன் தந்தை, தாய் ஆகியோரின் படிமங்களையும் அவர் எழுந்தருளுவித்தார். அவர் வழங்கிய அணிகள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுத்துக் குறிக்கப்பட்டுள்ளன.

குந்தவையின் தாய் வானவன்மாதேவி, கணவன் சுந்தர சோழன் மறைந்தபோது உடன்கட்டை ஏறியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கிறது. அதே அரசகுலத்தில் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவி கைம்மை நிலையில் பல்லாண்டு வாழ்ந்து, மகன் உத்தமசோழன் காலத்தும் இராசராசன் காலத்தும் செங்கல் தளிகளைக் கற்றளிகளாக்கினார். ஒரு குலத்தில் ஒருத்திக்குத் தீ, மற்றொருத்திக்குத் திருப்பணி. இரண்டையும் ஒருங்கு நோக்கினாலன்றி அக்காலப் பெண்ணின் நிலை விளங்காது.

அரசியரின் பொன்னுக்குப் பின்னால் குடிகள் அளந்த நெல் இருந்தது. தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அவர்கள் பெற்ற ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கல்லில் உள்ளன. அந்நெல்லை நட்டு அறுத்த பெண்களின் பெயர்கள் இல்லை. ஆடையைத் தகுதியின் எல்லைக்கோடாக்கும் வழக்கமும் நம் மண்ணுக்கு அயலானதன்று. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் பல பதின்மங்கள் போராடி, 1859ஆம் ஆண்டிலேயே அரசாணை பெற்றனர்.

நெய்வேலிக்கு அண்மையிலுள்ள திருமுதுகுன்றத்துத் திருக்கோயிலும் செம்பியன் மாதேவி கற்றளியாக்கியவற்றுள் ஒன்று. அவர் உடுத்த துகில் என்றோ மக்கிவிட்டது. அவர் எடுப்பித்த கல் நிற்கிறது. பழைய அரசியரைப் பாட விழையும் கவிஞர் முதலில் அங்குச் சென்று அக்கல்லைப் படித்தல் நன்று; பெயர் எழுதப்படாத பெண்களையும் அங்கே நினைத்தல் அதனினும் நன்று.