கையின் லயிப்பும் தராசின் கணக்கும்

தன்னை மறந்து வேலையில் லயித்துப்போவதை 1975இல் வந்த நூலில் ‘ஃப்ளோ’ என்றார் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய். மலையேறிகள், சதுரங்க ஆட்டக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் போன்றோர் அவருக்குச் சான்றுகள்.

ஏற்காட்டில் காப்பிப்பழம் பறிக்கும் பெண்ணை எங்கே வைப்பது? ஒரே கொத்தில் சிவப்பும் பச்சையும் கலந்திருக்கும்; பச்சையை விட்டுப் பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். தெளிவான இலக்கு, உடனே தெரியும் பலன், திறனுக்கேற்ற சவால் என அவர் சொன்ன நிபந்தனைகள் எல்லாம் உண்டு. அப்ப அது லயிப்புதானே?

வரலாறு குறுக்கிடுகிறது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைவித்த மலையில் தோட்டங்கள் பரவின. 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டின்மீது அரசின் பிடியை இறுக்கியது. தன் புனத்தில் தன் வேகத்தில் உழைத்த உடலுக்குப் பக்கத்திலேயே கூலி உடல் உருவானது.

கூலி உடல் எடுத்த பழம் தராசில் ஏறுகிறது. எடைக்கு இவ்வளவு கூலி என்றானபின் விரலின் வேகம் யாருடையது? செயல் தன் வசத்தில் இருக்கும் உணர்வும் லயிப்பின் கூறு என்று சிக்சென்ட்மிஹாயே சொல்கிறார். உச்சத் திறன் பேசும் நிர்வாகவியல் அதை வசதியாக மறந்துவிடுகிறது.

எழுதும்போது நமக்கும் அந்த லயிப்பு வாய்க்கிறது. அதைக் கொண்டாடுமுன், நம் நேரம் நம் கையில் இருப்பது எப்படி என்று கேட்டுக்கொள்ளலாம்.