மின்னலும் மேகமும்
'எக்லாம்ப்சியா' என்பதன் கிரேக்க வேருக்குப் 'பளிச்சென ஒளிர்தல்' என்று பொருள். கர்ப்பிணிக்குத் திடீரென வரும் வலிப்புக்கு மின்னலின் பெயர்! தமிழில் அது சூல்வலிப்பு. ஊர்வழக்கின் 'ஜன்னி'யோ (சந்நிபாதத்தின் சிதைவு) பிரசவக் காய்ச்சலையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. கிரேக்கப் பெயர் அழகுதான், ஆனால் திசைதிருப்புகிறது. பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பின் 140/90-ஐத் தொடும் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், விடாத தலைவலி, கண் மங்கல் என்று மேகம் முன்பே திரள்கிறது. முன்னறிகுறியே இல்லாமலும் வலிப்பு வருவதுண்டே என்பார்கள். உண்டு; பிரசவத்துக்குப் பிறகும் வரும். ஆயினும் மேகம் திரண்டவர்களுக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுத்தால் வலிப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு காட்டியது. தடுக்க முடிவதை மின்னல் என்பது எப்படிப் பொருந்தும்? மேகம் திரளும் அந்த நிலைக்கு வைத்த 'முன்சூல்வலிப்பு' என்ற சொல்லிலும் குறை உண்டு: வலிப்பு வராமலே அந்நிலை ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடும்.